எம்.பி. ஸ்மியர் சொதப்பினால் எங்கே தேடுவது

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் சென்னையில் எந்த லேபிலும் ஒரே கூட்டம்தான். டாக்டர் சீட்டில் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் என்று வரிசையாக இருக்கும், கடைசியில் போகிற போக்கில் எழுதியது போல 'எம்.பி.' என்று இரண்டு எழுத்து, மலேரியல் பாரசைட், அதாவது மலேரியா ஒட்டுண்ணி. மற்றதையெல்லாம் மெஷினும் கிட்டும் பார்த்துக்கொள்ளும். ஸ்லைடில் ரத்தத்தைத் தடவி, சாயமேற்றி (அதுதான் ஸ்டெயின்), மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் மலேரியா ஸ்மியர் மட்டும் இன்னும் நம் கண்ணையும், கையையும், பக்கெட்டில் இருக்கும் தண்ணீரையும் நம்பித்தான் நிற்கிறது.

பதினெட்டு வருடமாக ஸ்லைடு பார்க்கிறேன், வடசென்னையில் ஒரு சின்ன லேபில் ஆரம்பித்து. தவறான ரிசல்ட் போனால் எல்லோரும் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தவரைத்தான் திட்டுவார்கள். ஆனால் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் ஸ்லைடு லென்ஸுக்கு அடியில் வருவதற்கு முன்பே கெட்டுப்போயிருக்கும். அதனால் இதை முறைப்படி ஒன்றிலிருந்து பத்து வரை எழுதாமல், கண்ணுக்கு என்ன கோளாறு தெரிகிறதோ அதிலிருந்து பின்னோக்கிப் போகிற மாதிரி எழுதுகிறேன். உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒன்று. மலேரியா ஒட்டுண்ணியில் நம் ஊரில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் என்ற வகை. கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கொசு பரப்புவது. வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களை மட்டும் தேடிப் போவதால் ரத்தத்தில் எண்ணிக்கை அவ்வளவாக ஏறாது. ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மாதிரி ஃபீல்டுக்கு (லென்ஸில் ஒரு தடவை தெரியும் வட்டத்துக்கு) நாலு என்று காட்டிக்கொடுக்காது. ஆகவே கீழே சொல்லும் சின்னச்சின்னத் தப்புகள் இங்கே அதிகமாகவே வலிக்கும்.

திக் ஸ்மியர் கழுவும்போது உரிந்துகொண்டு போகிறது

திக் என்பது ரத்தச் சொட்டைத் தடிமனாக வைப்பது, தின் என்பது மெல்லிதாக இழுப்பது. திக் உரிந்தால் முதலில் ஸ்லைடைச் சந்தேகப்படுங்கள். புது டப்பாவிலிருந்து எடுத்த ஸ்லைடு சுத்தமாக இருக்கும் என்பது நம்முடைய ஆசை. அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். மெத்தனாலில் நனைத்துத் துடைத்து, ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் காய்வது. நவம்பரில் காற்றே ஈரமாக இருக்கும்போது திக் ஸ்மியர் அரை மணியில் காயாது. மேலே காய்ந்த மாதிரி பளபளப்பில்லாமல் தெரியும், அடியில் ஈரம் இருக்கும். அவசரப்பட்டு ஸ்டெயினில் இறக்கினால் மொத்தமும் தோல் மாதிரி கழன்று வரும். ஃபேன் காற்றில், சமதளத்தில் வைத்துக் காயவிடுங்கள். ஹேர் டிரையர், பல்பு சூடு, ஸ்பிரிட் விளக்கு எதுவும் வேண்டாம். ஏன் என்பது அடுத்த தலைப்பில்.

சொட்டு பெரிதாக இருந்தாலும் உரியும். சுமார் 12 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரப்புங்கள். ஈரமாக இருக்கும்போதே ஸ்லைடைச் செய்தித்தாளின் மேல் வையுங்கள், எழுத்து மங்கலாகவாவது படிக்க முடிய வேண்டும். படிக்க முடியவில்லையா, ரத்தம் அதிகம்.

இன்னொரு விஷயம், சிரிக்காதீர்கள்: ஸ்மியர் உரியவில்லை, காணாமலே போய்விட்டது என்றால் அது எறும்பு. இல்லையென்றால் கரப்பான். ராத்திரி மேசையில் விட்டுப் போன திக் ஸ்மியரின் நடுவில் காலையில் வட்டமாக ஓட்டை இருக்கும். ஒரு மூடி போதும். புது ஆட்கள் இதை நம்பவே மாட்டார்கள், ஒரு முறை அவர்களுக்கே நடக்கும்வரை.

திக் ஸ்மியரில் ரத்தம் கரையாமல் திட்டாக நிற்கிறது

திக் ஸ்மியரின் தத்துவமே சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் கரைந்து வெளியேறி, ஒட்டுண்ணியும் வெள்ளையணுவும் மட்டும் மிஞ்ச வேண்டும் என்பதுதான். அது ஃபிக்ஸ் ஆகிவிட்டால், அதாவது ஸ்லைடிலேயே இறுகிவிட்டால், கரையாது. ஃபிக்ஸ் ஆவதற்கு மூன்று வழிகள்: சூடு, வயது, மெத்தனால்.

சூட்டைச் சொல்லிவிட்டேன். வயது என்றால், இரண்டு நாளுக்கு மேல் ஸ்டெயின் செய்யாமல் கிடந்த ஸ்லைடு தானாகவே ஃபிக்ஸ் ஆகிவிடும். ஏப்ரல், மே வெயிலில் அதற்கும் முன்பே. மெத்தனால்தான் திருட்டுத்தனமான ஆள். ஒரே ஸ்லைடில் திக்கும் தின்னும் போட்டுவிட்டுத் தின்னை ஃபிக்ஸ் செய்யும்போது ஒரு துளி மேலே ஓடினால் போதும், ஆவி பட்டாலும் சில சமயம் போதும். திக் பக்கம் மேலே இருக்கும்படி சாய்த்துப் பிடித்து, பஞ்சில் தொட்டுத் தின்னுக்கு மட்டும் வையுங்கள்.

இன்னொரு தப்பு நம் லேப்களில் சர்வ சாதாரணம். சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் சோதனை) ஸ்மியருக்கு வைத்திருக்கும் லீஷ்மன் ஸ்டெயினையே எடுத்து நேராகத் திக் ஸ்மியரின் மேல் ஊற்றுவது. லீஷ்மன் ஸ்டெயின் மெத்தனாலில்தான் கரைத்திருக்கிறது. ஊற்றின அந்த நொடியே ஃபிக்ஸ் செய்துவிடும். லீஷ்மன்தான் இருக்கிறது என்றால், திக் ஸ்மியரை முதலில் தண்ணீரில் நிறுத்திச் சிவப்பெல்லாம் இறங்கிச் சாம்பல் நிறமானதும் எடுத்துக் காயவைத்து, பிறகு ஸ்டெயின் செய்யுங்கள். ஜீம்சா என்ற ஸ்டெயின் என்றால் இந்தத் தொல்லை இல்லை, தண்ணீரில் கலந்த ஸ்டெயினே கரைத்துவிடும்.

எல்லாமே நீலம், அல்லது எல்லாமே ரோஸ்

இதுதான் சென்னைக்காரர்களின் சொந்த வியாதி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு வருடம் மழைக்காலத்தில் மூன்று நாள் தொடர்ந்து எங்கள் ஸ்லைடு எல்லாம் நீலம் பாய்ந்து வந்தது. சிவப்பணு பச்சையும் நீலமுமாக, வெள்ளையணுவின் கரு கறுப்பாக. ஸ்டெயின் கெட்டுவிட்டது என்று புது பாட்டில் திறந்தோம், அதே நீலம். கடைசியில் பார்த்தால், டிஸ்டில்டு வாட்டர் கேன் காலியானதும் உதவிக்கு இருந்த பையன் போர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறான். யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனும் யாரிடமும் கேட்கவில்லை. அவன் மேல் தப்பில்லை, கேனில் ஒரு லேபிள் கூட ஒட்டாதது நாங்கள்தான்.

மலேரியாவுக்கு ஸ்டெயினைக் கலக்கும் தண்ணீரின் பி.எச். (அமில, கார அளவு) 7.2 இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் நீலம், கீழே இறங்கினால் ரோஸ். நம் ஊரில் கிடைக்கும் எந்தத் தண்ணீரும் அந்த இடத்தில் நிற்காது. போர் தண்ணீர் உப்பும் காரமுமாக ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்டில்டு வாட்டரும் ஆர்.ஓ. தண்ணீரும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு அமிலப் பக்கம் சாயும். சுத்தமான தண்ணீர்தானே, ஏன் ஸ்டெயின் ரோஸாக வருகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். கேன் வாட்டர், மெட்ரோ வாட்டர் இரண்டிலும் இன்று வருவது ஒன்று, நாளை வருவது வேறொன்று.

ஆகவே பி.எச். அளவை ஒரே இடத்தில் நிறுத்தும் பஃபர் போட்டே ஆக வேண்டும். மாத்திரையாகவே விற்கிறார்கள். நீங்களே செய்வதானால் ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.7 கிராம். கலந்தபின் பி.எச். மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். காரம் குறைந்தால் முதல் உப்பின் கரைசல் கொஞ்சம், கூடினால் இரண்டாவது. கடைசியாகக் கழுவுவதும் அதே பஃபரில்தான். ஸ்டெயின் வரை ஒழுங்காகச் செய்துவிட்டுக் குழாயைத் திறந்து கழுவினால் பட்ட பாடெல்லாம் வீண்.

பி.எச். ஏன் இவ்வளவு முக்கியம்? வைவாக்ஸ் புகுந்த சிவப்பணுவில் பொடிப்பொடியாக ரோஸ் புள்ளி தெரியும், ஷூஃப்னர் புள்ளி என்போம். வகையைச் சொல்ல அது ஒரு பெரிய துணை. ரத்த அணுக்களைப் பார்க்க வழக்கமாக வைத்திருக்கும் 6.8 பஃபரில் அது சரியாக வராது. சி.பி.சி. பஃபரையே எம்.பி.க்கும் பயன்படுத்திவிட்டுப் புள்ளியே இல்லையே, ஃபால்சிபாரமோ என்று குழம்புபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேரமும் ஒரு காரணம்தான், ஆனால் இரண்டாவது. ஜீம்சா 3 சதவீதம் என்றால் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி, 10 சதவீதம் என்றால் 10 நிமிடத்தை ஒட்டி. கூட்டமுள்ள லேபில் எல்லோரும் இரண்டாவதைத்தான் செய்வோம், ஸ்டெயின் கூடச் செலவாகும், பரவாயில்லை. அரசுத் திட்டத்தில் பழகிவந்தவர்கள் ஜே.எஸ்.பி. என்பார்கள். ஜஸ்வந்த் சிங், பட்டாசார்ஜி என்ற இருவர் 1944இல் நம் நாட்டு வசதிக்காகவே உருவாக்கிய முறை. மெத்தனால் இல்லாமல் தண்ணீரில் கரைவது, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நன்றாகச் செய்தால் அருமையாக வரும்.

ஸ்லைடு முழுக்கக் கறுப்பும் ஊதாவுமாகப் பொட்டு

ஸ்டெயின் படிவு. ஸ்டாக் (தண்ணீர் கலக்காத ஸ்டெயின்) பாட்டிலைக் குலுக்காதீர்கள், மேலாக எடுங்கள், சந்தேகமிருந்தால் வடிகட்டுங்கள். ஈரமான பிப்பெட்டை உள்ளே விட்டால் ஸ்டாக்கே போச்சு, மழைக்காலத்தில் மூடியைத் திறந்து வைத்திருப்பதே அதற்குப் போதும். தண்ணீரில் கலந்த ஸ்டெயினைக் காலையில் கலந்து மாலைவரை ஓட்ட வேண்டாம், அவ்வப்போது கலந்துகொள்ளுங்கள். முடிந்ததும் ஸ்டெயினைச் சாய்த்துக் கொட்டினால் மேலே மிதக்கும் ஆடை அப்படியே ஸ்லைடின் மேல் படியும். பஃபரை மெதுவாக விட்டு ஆடையை மிதக்கவைத்துத் தள்ளுங்கள்.

பொட்டெல்லாம் நகர்கிற மாதிரி இருந்தால் அது பஃபர் பாட்டிலில் வளர்ந்த பாக்டீரியா. பஃபரைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். தின் ஸ்மியரில் சிவப்பணுவுக்குள் பளபளவென்று குமிழி குமிழியாகத் தெரிந்தால் காற்றிலோ மெத்தனாலிலோ ஈரம் ஏறியிருக்கிறது. அதையும் ரிங் (மோதிரம் போலிருக்கும் இளம் ஒட்டுண்ணி) என்று எழுதியவர்கள் உண்டு.

ஒட்டுண்ணி இருக்கிறது, ஆனால் உருவமே கோணல், வகை சொல்ல முடியவில்லை

ட்யூப் எத்தனை மணிக்கு எடுத்தது என்று பாருங்கள். தாம்பரத்தில் காலை ஏழு மணிக்கு வீட்டில் எடுத்த ரத்தம், கலெக்‌ஷன் சென்டரில் ஒரு தூக்கம் போட்டு, பைக்கில் பையோடு வெயிலில் கிண்டி வழியாக அண்ணாநகர் வந்து சேரும்போது மதியம் மூன்று. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. ட்யூபில் எட்டு மணி நேரம். சுகர், கொலஸ்ட்ரால் பார்க்கும் கணக்கில் இதையும் பார்க்கிறோம்.

ஒட்டுண்ணி உயிருள்ளது, ட்யூபுக்குள்ளும் சும்மா இருக்காது. அமீபா மாதிரி கையும் காலுமாக இருக்கும் வைவாக்ஸ் ட்ரோஃபோசோயிட் (வளரும் நிலை ஒட்டுண்ணி) சுருண்டு உருண்டையாகிவிடும். ஷூஃப்னர் புள்ளி மங்கும். சிவப்பணு முள்முள்ளாகும், பெருத்த சிவப்பணு என்ற முக்கியமான அடையாளம் போய்விடும். கொசுவின் வயிற்றுக்குள் நடக்க வேண்டியதுகூட ட்யூபில் ஆரம்பித்துவிடும்: ரத்தம் குளிர்ந்ததும் ஆண் காமிட்டோசைட் (ஒட்டுண்ணியின் இனப்பெருக்க நிலை) வெடித்து வால் மாதிரி இழைகளை வெளியே விடும். 1880இல் அல்ஜீரியாவில் லாவெரான் ஒரு படைவீரரின் ரத்தத்தில் துடித்துக்கொண்டிருந்த இந்த இழைகளைப் பார்த்துத்தான் மலேரியாவுக்குக் காரணம் ஓர் உயிரி என்று கண்டுபிடித்தார். அவருக்கு அது நோபல் வரை கொண்டுபோன காட்சி. நமக்கு அது ட்யூப் தாமதமாகிவிட்டது என்பதற்கான சாட்சி. தனியாகக் கிடக்கும் அந்த இழையைப் பார்த்துச் சுருள் பாக்டீரியா என்று யாராவது எழுதிவிட்டால் டாக்டர் வேறு திசையில் போய்விடுவார்.

என்ன செய்யலாம்? எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஸ்மியர் போடுவதுதான் நல்லது. ஸ்டெயின் பிறகு செய்துகொள்ளலாம், ஸ்மியரை உடனே போட வேண்டும். ரத்தம் எடுக்கப் போகும் தம்பியிடம் இரண்டு ஸ்லைடு கொடுத்தனுப்புங்கள். ஒரு திக், ஒரு தின், அங்கேயே போட்டுக் காயவைத்து எடுத்துவரட்டும். முதல் மாதம் அரைகுறையாகத்தான் வரும், இரண்டாவது மாதம் பழகிவிடும். விரலில் குத்தி நேராகப் போட்டால் இன்னும் நல்லது, ஈ.டி.டி.ஏ.யே வேண்டாம், முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

ட்யூபைப் பாதிதான் நிரப்பியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அரை மில்லி ரத்தத்துக்கு முழு அளவு ஈ.டி.டி.ஏ. என்றால் அணுக்கள் சுருங்கும். குழந்தைகளின் சாம்பிளில் இது அடிக்கடி நடக்கிறது.

வகை சொல்லுவதைத் திக் ஸ்மியரில் முயற்சி செய்யவே வேண்டாம். திக்கில் இருக்கிறதா என்று கண்டுபிடியுங்கள், தின்னில் எது என்று பாருங்கள். சிவப்பணு பெருத்து, புள்ளியோடு, எல்லா வயது ஒட்டுண்ணியும் கலந்து தெரிந்தால் வைவாக்ஸ். சிவப்பணு அதே அளவில், மெல்லிய ரிங் மட்டும், ஒரே அணுவில் இரண்டு மூன்று, ஓரத்தில் ஒட்டினாற்போல இருந்தால் ஃபால்சிபாரம். வாழைப்பழ வடிவக் காமிட்டோசைட் தெரிந்துவிட்டால் பேச்சே இல்லை. இளம் ரிங் மட்டும் இருந்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், அப்போது வீம்பு பிடிக்காமல் ரத்தம் விட்டால் கோடு காட்டும் மலேரியா கார்டையும் போட்டுப் பாருங்கள். வெளியூர் போய்வந்தாரா, ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கம் சொந்த ஊரா என்று ஒரு வார்த்தை கேட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். அங்கெல்லாம் ஃபால்சிபாரம் அதிகம். வைவாக்ஸுக்குக் குளோரோகுயினும் பதினாலு நாள் பிரைமாகுயினும், ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிசுனேட் சேர்ந்த கூட்டு மருந்து என்று சிகிச்சையே மாறும்.

ஒன்றே ஒன்று தெரிந்தது, பாசிட்டிவ் போடலாமா

இரண்டு நிறம் தெரிகிறதா? கரு சிவப்பாக, உடல் நீலமாக, இரண்டும் ஒரே ஃபோகஸில், சிவப்பணுவுக்கு உள்ளே. ஒரே நிறத்தில் இருந்தால் எழுதாதீர்கள். சிவப்பணுவின் மேல் உட்கார்ந்திருக்கும் பிளேட்லெட்தான் பெரும்பாலும் ஏமாற்றும். ஃபைன் ஃபோகஸைக் கொஞ்சம் திருப்பினால் அது வேறு மட்டத்தில் இருப்பது தெரியும், சுற்றி ஒரு வெளிர் வளையமும் இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் இன்னும் 100 ஃபீல்டு பாருங்கள், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அடுத்த ஸ்மியர் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ஸ்லைடும் கார்டும் ஒத்துப்போகவில்லை

கார்டில் என்ன பார்க்கிறோம் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். நாம் வாங்கும் கார்டில் ஃபால்சிபாரத்துக்கு எச்.ஆர்.பி.2 என்ற புரதம், வைவாக்ஸுக்கோ எல்லா வகைக்கும் பொதுவாகவோ எல்.டி.எச். என்ற நொதி. எச்.ஆர்.பி.2 ஒட்டுண்ணி செத்தபிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். எல்.டி.எச். உயிருள்ள ஒட்டுண்ணி செய்வது, சிகிச்சை பலித்தால் சீக்கிரம் மறையும்.

கார்டு பாசிட்டிவ், ஸ்லைடு நெகட்டிவ் என்றால் முதல் கேள்வி: போன மாதம் மலேரியாவுக்கு மருந்து சாப்பிட்டாரா? ஆமாம், வந்தது ஃபால்சிபாரம் கோடு என்றால், அது பழைய கணக்காக இருக்கலாம். இல்லையென்றால் ஃபால்சிபாரத்தின் முதிர்ந்த வடிவங்கள் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு விரல் ரத்தத்துக்கு வராமல் இருக்கலாம், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். மூட்டுவாதக் காரணி அதிகமுள்ளவர்களிடம் பொய்க் கோடு வருவதும் உண்டு. கார்டை அரை மணி கழித்துப் பார்த்தாலும் பொய்க் கோடு வரும். கிட்டில் 20 நிமிடம் என்று போட்டிருந்தால் 20தான், டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பதற்கு அது சாம்பார் இல்லை.

ஸ்லைடு பாசிட்டிவ், கார்டு நெகட்டிவ் என்றால், முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். மைக்ரோலிட்டருக்கு 100, 200க்குக் கீழே இருந்தால் கார்டு பிடிக்காமல் போகலாம், வைவாக்ஸில் இது சகஜம். எண்ணிக்கை ஏராளமாக இருந்தும் ஃபால்சிபாரம் கோடு வரவில்லை அல்லது மங்கலாக வந்தது என்றால் அது வேறு கதை: புரதம் அளவுக்கு மீறி இருப்பதால் கோட்டில் ஒட்ட வேண்டியது ஒட்டாமல் போகிறது. ரத்தத்தைச் சலைனில் பத்து மடங்கு கரைத்துத் திரும்பப் போட்டால் கோடு பளிச்சென்று வரும். நேரில் பார்க்கும்போது மந்திரம் மாதிரி இருக்கும். எச்.ஆர்.பி.2 மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகளும் உலகில் இருக்கின்றன, முதலில் பெரு நாட்டில் தெரியவந்தது, எரித்திரியாவில் அது பெரிய பிரச்சினையானது. அதனால் கார்டை மட்டும் நம்பி ஸ்லைடை விட்டுவிடக் கூடாது.

இதெல்லாம் இல்லையென்றால் கிட்தான். பெட்டியில் 30 டிகிரி வரை, சிலவற்றில் 40 வரை என்று போட்டிருக்கும். மே மாதம் டெலிவரி வேனுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் வெளியே எடுத்தவுடன் கவரைக் கிழிக்காதீர்கள், சென்னை ஈரக் காற்று பட்டு உள்ளே வியர்க்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின் கிழித்து உடனே போடுங்கள். ஒரு பெட்டியின் பஃபரை இன்னொரு பெட்டிக் கார்டுக்கு விடுவதையும் நிறுத்துங்கள்.

கோடு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், பாசிட்டிவ். கன்ட்ரோல் கோடு வரவில்லையென்றால் அந்தக் கார்டு செல்லாது, வேறு போடுங்கள், நெகட்டிவ் என்று எழுதிவிடாதீர்கள். பின்னணி சிவப்பாகவே நின்றால் ரத்தம் அதிகம் விட்டிருக்கிறீர்கள். வேண்டியது வெறும் 5 மைக்ரோலிட்டர்தான்.

எல்லாம் நெகட்டிவ், காய்ச்சல் மட்டும் விடவில்லை

எத்தனை ஃபீல்டு பார்த்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். நெகட்டிவ் என்று எழுத திக் ஸ்மியரில் குறைந்தது 100 ஃபீல்டு பார்க்க வேண்டும். ஒரு ஸ்லைடுக்கு எட்டு நிமிடம் என்று வைத்தால் நாற்பது ஸ்லைடுக்கு 320 நிமிடம், ஐந்து மணி நேரத்துக்கு மேல். எந்த லேபில் அவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள்? அதனால்தான் இருபது ஃபீல்டோடு கை தானாக நெகட்டிவ் என்று எழுதிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். எண்ணெய் லென்ஸில் ஒரு திக் ஃபீல்டில் இருப்பது சுமார் 0.002 மைக்ரோலிட்டர் ரத்தம். 100 ஃபீல்டு என்றால் 0.2 மைக்ரோலிட்டர். மைக்ரோலிட்டருக்கு 50 ஒட்டுண்ணி இருக்கிற நோயாளிக்கு 100 ஃபீல்டில் பத்து தெரிய வேண்டும், இருபது ஃபீல்டில் இரண்டு. ஸ்டெயினில் கழுவிக்கொண்டு போவதையும் சேர்த்தால் அந்த இரண்டும் இல்லாமல் போக நல்ல வாய்ப்பு. அதனால் ரிப்போர்ட்டில் நான் 'மலேரியா இல்லை' என்று எழுதுவதில்லை, '100 ஃபீல்டில் காணப்படவில்லை' என்றுதான் எழுதுகிறேன். முதலாளி முகம் சுளித்தார், பிறகு பழகிவிட்டார்.

ஒரு ஸ்மியர் நெகட்டிவ் என்பதோடு விடாமல் 12லிருந்து 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்க்கச் சொல்லுங்கள். குளிர் நடுக்கம் வரும்போதுதான் ரத்தம் எடுக்க வேண்டும் என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம், வந்தவுடன் எடுங்கள், மருந்து கொடுப்பதற்கு முன் எடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டாக்ஸிசைக்ளின்கூட ஒட்டுண்ணியைக் குறைக்கும் என்பதால் என்ன மாத்திரை போட்டார் என்று கேட்பதும் நம் வேலைதான்.

பிளேட்லெட் 60,000க்கு வந்துவிட்டால் சென்னையில் எல்லோர் வாயிலும் டெங்கு. மலேரியாவும் பிளேட்லெட்டை அப்படித்தான் இறக்கும். என்.எஸ்.1 (டெங்கு சோதனை) நெகட்டிவ், பிளேட்லெட் கம்மி, காய்ச்சல் என்றால் டாக்டர் எம்.பி. எழுதாவிட்டாலும் சி.பி.சி. ட்யூபிலிருந்து ஒரு ஸ்மியர் போட்டுப் பாருங்கள், நம் கையில்தானே ட்யூப் இருக்கிறது. வசதியுள்ள இடத்தில் கியூ.பி.சி. என்ற சோதனை இருந்தால் அதிலும் பார்க்கலாம். ஒளிரும் சாயத்தில் சீக்கிரம் கண்ணில் படும், ஆனால் வகை சொல்லத் திரும்ப ஸ்லைடுக்குத்தான் வரவேண்டும். ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். இன்னும் குறைவான எண்ணிக்கையையும் பிடிக்கும், எல்லோருக்கும் எழுதக் கட்டுப்படியாகாது.

எண்ணிக்கை ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறு

திக் ஸ்மியரில் 200 வெள்ளையணு எண்ணும்வரை ஒட்டுண்ணியையும் எண்ணி, 8,000ஆல் பெருக்கி 200ஆல் வகுப்பது வழக்கம். 320 ஒட்டுண்ணி என்றால் 12,800. ஆனால் 8,000 என்பது ஒரு ஊகம். மலேரியாக்காரருக்கு வெள்ளையணு குறைந்தே இருக்கும். மெஷினில் அவருடைய எண்ணிக்கை 5,200 என்று இருந்தால் சரியான விடை 8,320. பக்கத்தில் சி.பி.சி. ரிப்போர்ட் இருக்கும்போது ஊகம் எதற்கு? 200 வெள்ளையணுவுக்குள் 100 ஒட்டுண்ணிகூட வரவில்லையென்றால் 500 வரை எண்ணுங்கள், அப்போது வகுப்பதும் 500ஆல். மருந்துக்குப் பிறகு பார்க்கும்போது காமிட்டோசைட்டைத் தனியாக எழுதுங்கள். ஃபால்சிபாரம் காமிட்டோசைட் சிகிச்சைக்குப் பிறகும் சில வாரம் இருக்கும், அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று பயமுறுத்தக் கூடாது.

நல்ல பாசிட்டிவ் ஒன்று கிடைத்தால், பெயர் எதுவும் இல்லாமல் பத்துத் தின் ஸ்மியர் போட்டு மெத்தனாலில் ஃபிக்ஸ் செய்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். புது ஸ்டெயின், புது பஃபர் எது வந்தாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்து முதலில் ஸ்டெயின் செய்து பார்த்துவிட்டுத்தான் நோயாளியின் ஸ்லைடு. அந்தப் போர் தண்ணீர்க் கதைக்குப் பிறகு நாங்கள் ஆரம்பித்த பழக்கம் இது. அதே டப்பாவில் லென்ஸையும் வைக்கலாம், கடற்காற்றில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும்.

திக் ஸ்மியரில் ஒரு புழு கிடக்கிறது

பயப்படாதீர்கள், உங்கள் ஸ்டெயினில் விழுந்ததில்லை. உறையோடு, வால் நுனிவரை கரு இல்லாமல், அழகாக வளைந்து கிடந்தால் யானைக்கால் நோயின் மைக்ரோஃபைலேரியா. எம்.பி.க்கு என்று வந்த ஸ்லைடில் தற்செயலாகத்தான் கிடைக்கும், ஏனென்றால் பகலில் அது நுரையீரல் பக்கம் போய் ஒளிந்துகொள்ளும், ராத்திரிதான் தோல் பக்கம் வரும். அதையே தேடச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தால் காலை எட்டு மணி ட்யூபில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வரச்சொல்லுங்கள், ஒருவர் விழித்திருந்து விரலில் குத்தி எடுக்கட்டும்.